மூட்டையை ஏனுங்க குப்பை வண்டியில போட்டீங்க?

வீடில்லாதவங்களை மீட்கறோம்னு யூடியூப் தம்பிகள் போட்ட பஸ் ஸ்டாண்டு வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. படுத்திருந்தவங்களை எழுப்பி, குளிப்பாட்டி, சவரம் பண்ணி, புது வேட்டி கட்டிவிட்டு வேன்ல ஏத்துனாங்க. நல்ல காரியம், கையெடுத்துக் கும்புடறேன். ஆனா பின்னாடி ஓரமா ஒண்ணு நடக்குது, அதை யாரும் கவனிக்கலை போல. கையுறை மாட்டுன ஒரு தம்பி அவங்க மூட்டைகளை ஒவ்வொண்ணாக் குப்பை வண்டிக்குள்ள வீசுது.

அதை ஏன் வீசுனீங்கன்னு கமெண்ட்ல ஒரே ஒரு வரிதான் கேட்டேன். வந்த வசவு இருக்கே, சாமி!

"அழுக்குத் துணிக்கு இத்தனை பஞ்சாயத்தா"ங்கறாரு ஒரு அண்ணன். அழுக்குத் துணி மட்டும் இல்லீங்ணா அது. ரோட்டுல படுக்கறவருக்கு பீரோவும் அட்டாலியும் அதுதான். ஆதார் அதுலதான் இருக்கும். முதியோர் பென்ஷனை 2023 ஆகஸ்ட்டுல 1,200 ரூபாய் ஆக்குனாங்களே, அது வர்ற பாஸ்புக் அதுலதான் இருக்கும். ஜி.எச். சீட்டு, சுகர் மாத்திரை எல்லாம் அதுல. காசநோய்க்காரரா இருந்தா ஆறு மாசம் விடாம முழுங்க வேண்டிய மாத்திரையும் அதுலதான். நடுவுல நின்னா நோய் மருந்துக்கே அடங்காமப் போயிரும், எந்த நர்ஸம்மாவைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க கட்டிவிட்ட புது வேட்டி அதையெல்லாம் திருப்பிக் குடுக்குமா?

சனிக்கிழமை ராத்திரியில எப்பவாச்சும் ஒரு குழுவோட நானும் ரோட்டுல படுக்கறவங்களைப் பாக்கப் போவேன். அதுல ஒரு அக்கா இருக்காங்க. நேராப் போய்ப் பக்கத்துல தரையில உக்காந்துக்குவாங்க. "சாப்டீங்களாப்பா?" அவ்வளவுதான், பேரைக் கூடக் கேக்க மாட்டாங்க. டீ வாங்கிக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துருவாங்க. அடுத்த வாரம் மறுபடி அதே டீ. ஜவுளிக்கடை வாசல்ல படுக்கற ஒரு அம்மா அப்படித்தான் ஒருநாள் தானா மஞ்சப்பையைத் திறந்தாங்க. லேமினேட் பண்ணுன புருஷனோட இறப்புச் சான்றிதழ், நிறம் போன இ.எஸ்.ஐ. கார்டு, ஒத்தைக் கால் கொலுசு, அதுவும் குழந்தை கொலுசு. ஒவ்வொண்ணா முந்தானையில தொடச்சுக் காட்டிட்டு, அதே வரிசையில திருப்பி உள்ள வெச்சாங்க. இதைக் குப்பைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க.

நாத்தம், மூட்டைப்பூச்சின்னு சொல்றீங்க. நியாயம்தான். வெயில்ல காயப்போடுங்க. சாக்குல போட்டுக் கட்டி, பேரு எழுதி வைங்க. கேமராவுக்கு ஆளு இருக்கு, ட்ரோனுக்கு ஆளு இருக்கு, பேரு எழுத ஒரு ஆளு கிடைக்கலியா?

"ஏசி ரூம்ல உக்காந்து குறை சொல்லாதீங்க"ன்னு ஒரு தங்கம். கண்ணு, நான் உக்காந்திருக்கறது பனியன் கம்பெனி செக்கிங் டேபிள். அங்க ஃபேனே ஒழுங்கா ஓடாது.

எனக்கு எதுக்கு இத்தனை ஆத்திரம்னா, எங்க பெரியப்பா. கோயமுத்தூர் மில்லுல வேலை. மில்லை மூடுனதுக்கப்புறம் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒருநாள் டவுன் பஸ் ஏறுனவரு திரும்பலை. ரொம்ப நாள் கழிச்சு ஜி.எச். வாசல்ல ஒரு புண்ணியவதி அவருகிட்டக் கேட்டு, அவரு சரின்னதுக்கப்புறம்தான் பையைப் பாத்தாங்க. பழைய மில் கேட் பாஸ், அதுல ஊர் பேரு. எங்கூரு மளிகைக்கடைக்குப் போன் வந்துச்சு. அந்தப் பை மட்டும் குப்பைக்குப் போயிருந்தா அவரு அனாதைப் பொணமாத்தான் போயிருப்பாரு.

"அப்ப அவரை நீங்க ஏன் ரோட்டுல விட்டீங்க?" இதையும் ஒருத்தர் கேட்டுட்டாரு, சிரிப்பு பொம்மையோட. விடலைங்க. காரணம்பேட்டையில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எங்கப்பா போட்டோவும் கையுமாத் திரிஞ்சாரு. உங்களுக்கு விளக்கம் சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் இல்லை. சொல்லியாச்சு, போங்க.

2017 மனநலச் சட்டம் நூறாவது பிரிவைப் படிங்க. மனநோயோட ரோட்டுல திரியறவரைப் போலீஸ் பாதுகாப்புல எடுத்தாலும், எதுக்குன்னு அவருகிட்டச் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், லாக்கப்புல வெக்கக் கூடாது. காக்கிச் சட்டைக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கறப்ப யூடியூப் தம்பிகளுக்கு ஒண்ணும் கிடையாதா? வீடில்லாதவங்க தங்க, ஊர்ல இருக்கற லட்சம் பேருக்கு ஒரு விடுதி, அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு 2010லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கோயமுத்தூர் 2011 மக்கள்தொகைக் கணக்குலயே பத்து லட்சத்தைத் தாண்டிருச்சு, அப்ப பத்து விடுதி வேணும். மாநகராட்சி வாசல்ல போய் அதைக் கேளுங்களேன். கேக்க மாட்டீங்க, அதுக்கு வியூஸ் வராது.

மத்தவங்க திட்டுனது கூடப் பரவால்லைங்க. நேத்து எங்க ஒறம்பரை குரூப்புல அதே வீடியோவை "மனிதம் இன்னும் சாகவில்லை"ன்னு கும்புடற கையோட போட்டது எங்க சித்தப்பா. ஆமாங்க, அந்தப் பெரியப்பாவோட கூடப் பொறந்த தம்பி. கேட் பாஸ் விஷயம் முழுசாத் தெரிஞ்சவரு. "மூட்டையைப் பாத்தீங்களா சித்தப்பா"ன்னு கேட்டதுக்கு, "நல்லதை நல்லதுன்னு பாரு கண்ணு, எல்லாத்துலயும் நொட்டை சொல்லாத"ன்னு பதில். கீழ பதினோரு பேரு கட்டை விரல்.

சித்தப்பா, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். குரூப்புல இருந்து தூக்கறதுன்னா தூக்கிக்குங்க. நோம்பிக்கு வீட்டுக்கு வர்றப்ப இதே கேள்வியை நேர்லயே கேப்பேன்.