நாவலுக்குள் அந்தப் பெயரே இல்லை

'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' நாவலை, ஆஸ்பெர்ஜர் (ஆட்டிசத்தின் ஒரு வகையாகச் சொல்லப்பட்டு வந்த நிலை) பற்றி ஆழமாக ஆராய்ந்து எழுதியது என்றும், ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும் என்றும் சொல்லி ஒருவர் இங்கே பரிந்துரைத்திருக்கிறார். இரண்டுமே தவறு.

2003இல் வந்த அந்த நாவலில், பக்கத்து வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறியும் 15 வயது கிறிஸ்டோபருக்கு ஆஸ்பெர்ஜர் என்றோ ஆட்டிசம் என்றோ எங்கும் சொல்லப்படவில்லை. தனக்கு என்னென்ன பிடிக்காது, எதற்கெல்லாம் கோபம் வரும் என்று அவனே பட்டியல் போடுகிறான், அவ்வளவுதான். ஆஸ்பெர்ஜர் என்ற சொல் வந்தது பதிப்பகத்தார் அட்டையில் போட்ட குறிப்பில். அது அங்கே இடம்பெற்றதற்காக நாவலை எழுதிய மார்க் ஹேடன் பின்னாளில் வருத்தப்பட்டார். ஆஸ்பெர்ஜர் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, அதற்காகப் பெரிதாக ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதினார்.

நாவல் எனக்கு மிகவும் பிடிக்கும். பகா எண்களை வரிசையாக வைத்து அத்தியாயங்களுக்கு எண் கொடுத்த அழகுக்காகவே திரும்பப் படிக்கலாம். ஆனால் கணக்கில் புலி, தொட்டால் அடிப்பான் என்ற இந்த ஒரு பையனை வைத்து வகுப்பில் இருக்கும் ஆட்டிசக் குழந்தையை அளக்காதீர்கள். கணக்கே வராத, கட்டிப்பிடித்தால் மகிழ்கிற ஆட்டிசக் குழந்தைகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பரிந்துரையைத் திருத்திவிடுங்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் படிக்கிறார்கள்.