ஊசியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்
"டர்ன்டேபிளை (இசைத்தட்டு ஓட்டும் கருவி) ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் (சிடி பிளேயர், ஃபோன் போன்றவற்றைச் செருகும் சாதாரண இன்புட்) செருகியும் சத்தம் குறைவாக வந்தால் ஊசி தேய்ந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் வீண்செலவு செய்ய வேண்டாம். ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். அதில் பரவலான வகையான எம்எம் (மூவிங் மேக்னட்) தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஆக்ஸுக்கு அது போதவே போதாது. அதோடு, எல்பி (இசைத்தட்டு) வெட்டும்போதே பேஸை (தாழ்ந்த ஒலி) குறைத்து, ட்ரெபிளை (உயர்ந்த ஒலி) கூட்டித்தான் பதிக்கிறார்கள். 1954-இல் வந்த, ஆர்ஐஏஏ என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கத்தின் முறை அது. ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்தான் அதைத் திரும்பச் சரிசெய்யும். என் வீட்டிலும் முதல் நாள் இப்படித்தான்: மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமே கேட்கவில்லை, வலந்தலை மட்டும் டிக் டிக்கென்றது. ஊசியில் ஒரு குறையும் இல்லை.

ஆம்ப்பின் பின்புறம் 'ஃபோனோ' இன்புட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் அதில் செருகுங்கள், ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். இல்லையா, சரி, ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போல ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் டர்ன்டேபிளை வாங்குங்கள். அதன் பின்பக்க சுவிட்சை 'லைன்' பக்கம் தள்ளிவிட்டு ஆக்ஸில் செருகலாம்.