தோற்றவர் பாட்டு முதலில்

அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் டிசம்பரில் ஓர் இரவு, நம் நேரப்படி ஒன்றரை மணிவாக்கில் தொடங்கும் ஆட்டம் ஒன்றுக்காகக் கண்விழித்துவிடுகிறேன். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கும் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்கும் நடப்பது அது. முதல் ஆட்டம் 1890இல். நான் காத்திருப்பது ஆட்டத்துக்காக அல்ல, அது முடிந்த பிறகு வரும் சில நிமிடங்களுக்காக.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் இருக்கும் பக்கம் போகின்றன. அவர்களுடைய கல்லூரிப் பாட்டுதான் முதலில். சற்றுமுன் வரை முட்டி மோதியவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, எதிரியின் பாட்டு முடியும்வரை பேசாமல் நிற்கிறான். பிறகுதான் எல்லோரும் எதிர்ப்பக்கம் போய் வென்றவர்களின் பாட்டைப் பாடுகிறார்கள். அதனால் இந்த இரு கல்லூரிகளிலும் 'இரண்டாவதாகப் பாடுவோம்' என்றால் வெல்வோம் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த முழக்கம் இது. முதலில் பாட ஒருவன் இருக்கிறான் என்பதை வென்றவனும் மறக்க முடியாது.

2002 முதல் 2015 வரை 14 ஆட்டங்களிலும் கடற்படையே வென்றது. நான்கு ஆண்டும் படித்துவிட்டு, ஒருமுறைகூட இரண்டாவதாகப் பாடாமலே பட்டாளத்துக்குப் போன வெஸ்ட் பாயின்ட் மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! வென்றால் மட்டும் பாடுவதைக் கல்லூரிப் பாட்டு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அது வெற்றிக் கூச்சல்.

"ராணுவப் பிள்ளைகள், நில் என்றால் நிற்பார்கள். இதில் என்ன பெருமை?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். நில் என்று ஆணையிட ஆளில்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அதன் பாட்டு 1903இல் முதன்முதலில் அரங்கேறியது, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைப் போல நடித்த நிகழ்ச்சி ஒன்றில். 2020 ஜூனில் விளையாட்டு வீரர்கள் பலர் அந்தப் பாட்டை மாற்றக் கேட்டார்கள். அக்டோபரில் டாலஸில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியிடம் 53-45 என்று தோற்றபின், பாட்டு ஒலிக்கும்போது டெக்சஸ் வீரர் சாம் எலிங்கர் மைதானத்தில் ஏறக்குறையத் தனியாக நின்ற படம் நாடெங்கும் பரவியது. பாடாமல் போனவர்கள்மீது பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். பல்கலைக்கழகம் பாட்டை வைத்துக்கொண்டது. நான் பாட மறுத்தவர்கள் பக்கம். தன்னை இழிவுசெய்த மேடையில் பிறந்த பாட்டுக்கு ஒருவன் ஏன் நிற்க வேண்டும்?

பாட்டில் கைவைத்தால் மரபே போய்விடும் என்பவர்கள் வெஸ்ட் பாயின்டையே பார்க்கலாம். அங்கே பெண்கள் சேர்ந்தது 1976இல். பாட்டில் 'உன் மைந்தர்கள்' என்றிருந்த இடத்தை மாற்றியதோ 2008இல்! 32 ஆண்டுகள் அந்தப் பெண்கள் தங்களை மைந்தர்கள் என்றே பாடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 2016இல் பால்டிமோரில் 21-17 என்று வென்று, ஒருவழியாக இரண்டாவதாகப் பாடியபோது, வெஸ்ட் பாயின்ட் மாணவர்கள் பாடியது அந்தச் சொல் மாறிய பாட்டைத்தான்.