ஆட்டத்தை விட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் டென்னிஸ், நீச்சல், ஸ்குவாஷ் என்று விளையாட்டு வழியாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் நம் தமிழ் வீடுகளில், ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) திறந்ததுமே ஒரு கேள்வி எழுகிறது: கட்டுரைக்கு எதை எழுதுவது? பிள்ளையின் கை தானாக மைதானத்துக்குப் போய்விடுகிறது. முழங்கால் தசைநார் கிழிந்தது, வலியோடு பயிற்சி செய்தேன், மீண்டு வந்தேன், வென்றேன்.

உடைத்தே சொல்கிறேன். கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட பிள்ளை அந்தக் கட்டுரையை எழுத வேண்டாம். அந்த வலி பொய் என்று சொல்லவில்லை. ஆனால் தரவரிசை, பதக்கங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பதெல்லாம் விண்ணப்பத்தில் முன்பே இருக்கின்றன. பயிற்சியாளரும் சேர்க்கை அலுவலகத்தில் பேசியிருப்பார். மிஞ்சியிருப்பது கட்டுரைக்கான 650 சொற்கள். அதிலும் அதே ஆட்டக்காரரைக் காட்டினால், படிப்பவருக்குப் புதிதாக என்ன தெரியும்?

"கோச்சே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாரே அக்கா, கட்டுரை வெறும் சம்பிரதாயம்தானே?" என்று ஒரு தாய் கேட்டார். இந்த நினைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, அங்கே பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. அதைப் பார்த்துப் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் இத்தகைய கல்லூரிகளில் பயிற்சியாளர் மதிப்பெண்களை முன்கூட்டியே சேர்க்கை அலுவலகத்தில் காட்டி, தேறாதவர்களை அப்போதே கைவிட்டுவிடுவது வழக்கம். அந்தச் சல்லடையில் தங்கியவர்களின் கணக்கு அது. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் என்னும் புகழ்பெற்ற கல்லூரிகள் எட்டிலும் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. பயிற்சியாளரால் பரிந்துரைக்கத்தான் முடியும். இடம் கொடுப்பது சேர்க்கை அலுவலகம். படகே ஓட்டாத பிள்ளைகளைப் படகோட்டிகள் என்று காட்டிய மோசடி 2019இல் அம்பலமான பிறகு, அந்தப் பரிந்துரையையும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு டென்னிஸ் பெண், "அத்தை, விளையாட்டைத் தவிர எனக்கு எதுவுமே இல்லை" என்று கண் கலங்கினாள். பேச்சுக் கொடுத்தபோதுதான், வீட்டின் அடித்தளத்தில் மட்டைகளுக்கு நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்றை அவள் வைத்திருப்பது தெரிந்தது. தோழிகளின் மட்டைகளையெல்லாம் அவள்தான் கட்டித் தருகிறாள். யாருக்கு எத்தனை பவுண்டு இறுக்கம் என்று ஒரு நோட்டில் குறித்திருக்கிறாள். நரம்பு நடுவில் அறுந்திருந்தால் அடி சரியாக விழுகிறது, ஓரத்தில் அறுந்திருந்தால் பந்து தவறிப் படுகிறது என்று மட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினாள். ஓரத்திலேயே அடிக்கடி அறுத்துக்கொண்டு வந்த ஒரு தோழிக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் இவள்தான். பதினேழு வயதில் என்ன கவனிப்பு! இது எந்தத் தரவரிசையிலும் வராது. அதைத்தான் எழுதினாள்.

உண்மையிலேயே ஆட்டத்தில்தான் மனம் இருக்கிறது என்றால், ஆட்டத்தையே எழுதட்டும். ஆனால் வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கெடு. செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளைப் போட்டிகள் விழுங்கிவிடும். ஆகஸ்டிலேயே பிள்ளையைப் பேசவிட்டுக் கேளுங்கள். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்.