பூந்தொட்டி ஹீட்டர் ஆகாது

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்கென்றே சுற்றும் வாட்ஸ்அப் செய்தி இது: "கரண்ட் போனால் நாலு டீலைட் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே மண் பூந்தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். 1,000 வாட் ஹீட்டருக்குச் சமம்."

தவறு. சின்ன உலோகக் கிண்ணத்தில் வரும் குட்டி மெழுகுவர்த்திதான் டீலைட். ஒன்றில் சுமார் 14 கிராம் மெழுகு, எரிவது நாலு மணி நேரம். கிராமுக்கு ஏறக்குறைய 43 கிலோஜூல் வெப்பம் என்றால், ஒன்றுக்கு 42 வாட்தான். நாலும் சேர்ந்தும் 170 வாட்டைத் தொடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பம் விடும். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது மேல்.

தொட்டியைத் தொட்டால் சுடுகிறதே? அதுதான் ஏமாற்றுகிறது. மண் வெப்பத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடும், கூட்டாது. மாறாக, கீழே சூடு தேங்கி மெழுகு முழுக்க உருகி, ஆவியாகி, மொத்தமாகத் தீப்பிடிக்கலாம். அப்போது தண்ணீர் ஊற்றினால் தீ எகிறித் தெறிக்கும். தட்டு போட்டு மூட வேண்டும்.

"புகை இல்லாத கரிக்கங்கை அறைக்குள் வைக்கலாம்" என்று அதே செய்தியில் வரும் பின்னொட்டு இன்னும் மோசம். கங்கு உண்மையிலேயே நல்ல சூடு தரும், ஆனால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். கங்குச் சட்டி திண்ணையோடு நிற்கட்டும். படுக்கைக்கு, இறுக மூடிய சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்தால் போதும்.