டெக் இருக்கிறது, பிராக்கெட் எங்கே?

பழைய தோட்ட டிராக்டருக்கான புல் வெட்டும் டெக், அதாவது டிராக்டரின் அடியில் மாட்டும் கத்திகள் உள்ள தகட்டுக் கூடு, விற்பனைக்கு என்று ஒரு படம் வருகிறது. தகடு ஓட்டையாகவில்லை, துருவும் மேலோட்டம்தான், கத்திகளைத் தாங்கும் ஸ்பிண்டில்களைக் கையால் சுற்றினால் கரகரப்பே இல்லை. ஆசையாகப் போய் நின்று, என்ஜினின் பெல்ட்டை டெக்குக்குத் திருப்பிவிடும் மியூல் டிரைவ் எங்கே என்று கேட்டால், ‘அப்படின்னா?’ என்கிறார் விற்பவர். டெக்கை டிராக்டரோடு பிணைக்கிற சட்டம்? அது டிராக்டரோடு போய்விட்டதாம். தூக்கி இறக்கும் கம்பி? பழைய இரும்போடு எடைக்குப் போட்டாயிற்றாம். அப்புறம் எதைத்தான் விற்கிறீர்கள்? வெறும் தகட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எப்போதோ ஒரு தடவை நடந்தால் விட்டுவிடலாம். டெக், பனி தள்ளும் பிளேடு, பனி வாரி வீசும் புளோயர், மண்ணைக் கிளறும் டில்லர் என்று எதைத் தேடினாலும் இதே கதை. கருவி இருக்கும், அதைப் பொருத்தும் பாகமான பிராக்கெட் இருக்காது. அது இல்லாவிட்டால் கருவியே இல்லை என்பது இவர்களுக்கு உறைக்கவே உறைக்காதா?

கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். இந்தப் பழைய டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் படுக்கைவாக்கில் இருக்கிறது. அதனால் அதில் மாட்டிய புல்லி நிமிர்ந்து நிற்கிறது. டெக்கின் மேலிருக்கும் புல்லியோ தட்டையாகப் படுத்திருக்கிறது. ஒரே பெல்ட் நிமிர்ந்த புல்லியிலிருந்து கிளம்பி, 90 டிகிரி திரும்பி, படுத்த புல்லியைச் சுற்றிவிட்டு மறுபடி மேலே வர வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்து கொடுப்பவை மியூல் டிரைவில் இருக்கும் இரண்டு சின்னப் புல்லிகள். அவற்றின் சாய்வு லேசாகப் பிசகினாலே பெல்ட் கழன்று விழும், இல்லாவிட்டால் ஓரம் தேய்ந்து நார்நாராகும். பெல்ட்டைத் தவறான பக்கம் முறுக்கி மாட்டினால் கத்தி எதிர்த்திசையில் சுற்றும். கூர் பின்னால் போய்விட, கத்தியின் முதுகு புல்லை அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கும். கத்தியைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. இத்தனை வேலை பார்க்கிற பாகத்தைத்தான் ‘ஏதோ வளைஞ்ச இரும்பு’ என்று தூக்கி எறிகிறார்கள்.

‘கப் கேடட் டெக், எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று எழுதி விற்பது இன்னொரு அநியாயம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் முதல் கப் கேடட் தோட்ட டிராக்டரை 1960-61 வாக்கில் கொண்டுவந்தது. 1971-ல் டிராக்டரின் சட்டமே அகலமாகிவிட்டது. குறுகிய சட்டத்துக்குச் செய்த டெக்கை அகலச் சட்டத்தின் கீழே அப்படியே கொண்டுபோய் மாட்ட முடியாது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று என்பதால் துளைகள் ஒன்றாகிவிடுமா? எந்த மாடலிலிருந்து கழற்றியது என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கலப்பையிலும் இந்தக் குழப்பம் உண்டு. டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் இணைப்புக்கு ஹிட்ச் என்று பெயர். ஸ்லீவ் ஹிட்ச் வகைக்கு உள்ளதை, கேட்டகரி ஸீரோ மூன்று முனை ஹிட்ச் வகைக்கு உள்ளது என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள்.

எனக்கு ஆறாத கோபம் என்னவென்றால், என்ஜினுக்குக்கூட இந்தக் கஷ்டம் இல்லை. இந்த டிராக்டர்கள் பலவற்றில் வரும் கோலர் கே வரிசை என்ஜினுக்கு பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் இன்றும் புதிதாகவே வாங்கலாம். பேரிங் அளவு பார்த்து வாங்கலாம். ஆனால் அந்த நாலு துளை போட்ட பிராக்கெட்டைப் புதிதாக எங்கே வாங்குவது? ஹார்வெஸ்டர் 1981-ல் கப் கேடட்டை எம்டிடி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தோட்ட டிராக்டர் செய்த இன்னொரு நிறுவனமான வீல் ஹார்ஸ் 1986-ல் டோரோ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அறுபதுகளில் வந்த டெக்கின் தொங்கு கம்பியை இனி யார் செய்து தரப்போகிறார்கள்? இருப்பதுதான் மிச்சம். அதையும் எடைக்குப் போட்டுத் தொலைக்கிறார்கள்.

அடுத்து வருகிறார் யோசனை சொல்பவர். ‘அதுக்கென்ன, ரெண்டு ஆங்கிளை வெச்சு வெல்டு அடிச்சிடலாம்.’ இந்த ஒரு வாக்கியம் நாசமாக்கிய டிராக்டர்கள் கொஞ்சமா நஞ்சமா? கேஸ் கட்டரால் குதறிய சட்டம், பழைய துளைக்குப் பக்கத்திலேயே கோணலாக இன்னொரு துளை, போல்ட்டுக்குப் பதில் கட்டிகட்டியாக வெல்டு. டெக்கில் பற்றவைக்கும்போது எர்த் கிளாம்ப்பைக் கத்தியிலோ ஸ்பிண்டில் புல்லியிலோ மாட்டுகிறார்கள். கரன்ட் ஸ்பிண்டில் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் குழி விழுகிறது. பிறகு பேரிங் இரைகிறது என்று பேரிங்கைத் திட்டுகிறார்கள். கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்ட என்ன கேடு?

கிடைத்த புல்லியை மாட்டுவது அதைவிட ஆபத்து. அமெரிக்கத் தர விதிப்படி புல்வெட்டும் கத்தியின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. 18 அங்குலக் கத்தி நிமிடத்துக்கு 3,600 சுற்றில் சுமார் 17,000 அடி போகிறது. டெக்கின் புல்லியைச் சின்னதாக்கி அதை 4,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் 21,000 அடியைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் ஒரு கல்லில் பட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் யோசிக்காமல் ‘இப்ப சூப்பரா வெட்டுது’ என்று பெருமை வேறு.

போல்ட் விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் கையே வலிக்கிறது. இந்த எந்திரங்கள் அங்குல அளவில் செய்தவை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். அதற்கு 8 மில்லிமீட்டர் எம்8 போல்ட்டைக் கொண்டுபோனால் முதல் இரண்டு சுற்று போகத்தான் செய்யும். ஆனால் மரை இடைவெளி அங்குல போல்ட்டுக்கு 1.41 மில்லிமீட்டர், எம்8-க்கு 1.25. மூன்றாவது சுற்றில் இறுகும்போதாவது நிறுத்த வேண்டாமா? நீளமான ஸ்பேனரைப் போட்டு முறுக்கித் தள்ளியிருக்கிறார் முந்தைய உடைமையாளர். வார்ப்பிரும்பில் மரை மொத்தமும் போச்சு. அதை டிரில் செய்து, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட்டு மீட்பது என் தலையில்.

புளோயரில் ஷியர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் ஆறு கோடு போட்ட, ரொம்பக் கெட்டியான கிரேடு 8 போல்ட்டைப் பார்க்கும்போது அடிவயிறு எரிகிறது. அந்த இடத்தில் வலுக்குறைந்த போல்ட்டை வைத்ததே கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றட்டும் என்றுதான். ‘அடிக்கடி உடையுது’ என்று கெட்டியானதைப் போட்டார்கள். போல்ட் உடையவில்லை, உள்ளே கியர் உடைந்தது. போல்ட் எளிதில் கிடைக்கும். அந்தக் கியருக்கு எங்கே போவது?

பெல்ட்டிலும் இப்படித்தான். பெல்ட்டின் மேல் போட்டிருக்கும் எண் ஏ46 என்றால் உள்சுற்று 46 அங்குலம், 4எல்480 என்றால் வெளிச்சுற்று 48 அங்குலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். இது தெரியாமல் 46 என்ற எண்ணைப் பார்த்து 4எல்460 வாங்கி, எட்டவில்லை என்று டென்ஷனர் பிராக்கெட்டை வளைத்திருக்கிறார்கள். பிராக்கெட் என்றாலே வளைக்கவும் வெட்டவும் எறியவும்தான் என்று நினைப்பு போலிருக்கிறது.

பிராக்கெட் கிடைக்கவே இல்லை என்றால் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? சட்டத்தில் தொழிற்சாலை போட்ட துளைகள் இருக்கின்றன. அட்டையில் வெட்டி அளவு பார்த்து, அந்தத் துளைகளிலேயே போல்ட்டில் மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். நாளைக்கு அசல் கிடைத்தால் கழற்றிவிடலாம். டிராக்டரை வெட்டாதீர்கள்.

டெக்கைக் கழற்றும்போதே மியூல் டிரைவ், தொங்கு கம்பி, பின், கிளிப் எல்லாவற்றையும் சேர்த்து அதன் மேலேயே கம்பி போட்டுக் கட்டி வையுங்கள். டிராக்டர் ஒருவருக்கும் டெக் இன்னொருவருக்கும் போகிறதா? பொருத்தும் பாகம் டெக்கோடு போகட்டும். டிராக்டரை வாங்கியவருக்கு வேறு டெக் கிடைத்தால் அதற்குரியது அதோடு வரும். எல்லோரும் இப்படிச் செய்தால் யாரும் எதையும் தேடி அலைய வேண்டாம். அந்த நாலு இரும்பை எடைக்குப் போட்டு யாரும் பணக்காரர் ஆகிவிடப் போவதில்லை. கேட்டு வருகிறவரிடம் கொடுங்கள்.