தண்ணீர் வெளியேற வழி வேண்டும்

சரிவான இடத்தில் மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவரைத் தடிமனாகக் கட்டச் சொல்லி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான், ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டிய 6 அடி கருங்கல் சுவர் இரண்டாவது ஐப்பசி மழையிலேயே வயிறு தள்ளி, அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே சரிந்து விழுந்தது. கல்லில் குறையில்லை. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட விடவில்லை, ஊறிய மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளினால் எந்தச் சுவர் நிற்கும்? மறுபடி கட்டும்போது சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற 5 அடிக்கு ஒரு பிவிசி குழாயைச் சுவரின் ஊடே வெளிப்பக்கம் சாய்வாக வைத்து, சுவரையும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்டினோம். மண்ணைப் பிடித்துக்கொள்ள மேலே வெட்டிவேர் நட்டிருக்கிறோம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின! தயவுசெய்து அந்தத் துளைகளைப் பற்றியும் எழுதுங்கள்.